இத்தலாருக்கு எவ்வாறு செல்வது?

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் எழும் முதற்பேச்சு ஒன்றுண்டு. "இந்த ஆண்டாவது நீலகிரிக்குப் போவோமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெற்றோர் இசைந்துவிட்டால் அடுத்த கேள்வி உடனே பிறக்கும்: "எதில் போவது?"

இக்கேள்விக்கு நெடுங்காலம் நாங்கள் ஒரே விடையைத்தான் கூறி வந்தோம். "ஒரு வேன் அமர்த்திக்கொள்வோம்; நினைத்த இடத்தில் நிறுத்தலாம், நினைத்தபோது திரும்பலாம்" என்பதே அவ்விடை. இரண்டு பயணங்கள் எங்கள் எண்ணத்தை மாற்றின. இரண்டும் இத்தலார் என்னும் ஒரே ஊருக்குச் சென்ற பயணங்களே. முதலாவது மே மாதத்தில் வேனில் சென்றது. இரண்டாவது அடுத்து வந்த பனிக்காலத்தில் புகைவண்டியிலும் பேருந்திலும் சென்றது. மலைக்குச் செல்ல விரும்பும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எண்ணி, அங்கு செல்லும் வழிகளையும் நாங்கள் கற்றுக்கொண்ட பாடத்தையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

இத்தலார் உதகமண்டலத்துக்குத் தென்மேற்கே, எமரால்டு செல்லும் பாதையில் உள்ள படுகர் ஊர். வரிசையாக ஓட்டு வீடுகள், சரிவெங்கும் தேயிலை, பள்ளங்களில் கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு. எங்களுடன் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் அவ்வூரைச் சேர்ந்தவர். "எங்கள் ஹட்டிக்கு ஒரு முறை வந்து தங்கிச் செல்லுங்கள்" என்று அவர் ஆண்டுதோறும் அழைப்பார். அவ்வழைப்பே எங்களை மலையேறச் செய்தது.

பாதை பிறந்த கதை

இன்று நாம் மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும் மலைக்கு ஒரு காலத்தில் வண்டிப் பாதையே கிடையாது. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டு நீலகிரிக்கு ஏறிச் சென்றார். அதன் பின்னர், சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு அருகிலுள்ள திம்பட்டி வரையில் அவருடைய முயற்சியால் ஒரு பாதை அமைக்கப்பட்டு, 1823-இல் முடிவுற்றது. குன்னூர் வழியாக ஏறும் பாதை 1830-களின் தொடக்கத்தில் உருவாயிற்று.

பாதை வந்தபோதும் பயணம் எளிதாகிவிடவில்லை. செல்வர்கள் மட்டக்குதிரையிலோ, மூங்கிலில் தூளிபோல் கட்டித் தொங்கவிட்டு ஆட்கள் சுமந்து செல்லும் மஞ்சலிலோ ஏறினார்கள். மூட்டைகள் மாட்டுவண்டியிலும், வண்டி போகாத இடங்களில் மனிதர் தலையிலும் ஏறின. பிற்பாடு மேட்டுப்பாளையத்திலிருந்து குதிரைகள் பூட்டிய டோங்கா வண்டிகள் ஓடின. மலைவாழ் மக்களோ எப்போதும்போல நடந்தார்கள். எங்கள் நண்பருடைய பாட்டனார் உருளைக்கிழங்கு மூட்டையுடன் விடியுமுன் புறப்பட்டு உதகைச் சந்தைக்கு நடந்து போவாராம். உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு இருட்டில் திரும்புவாராம்.

இத்தலாருக்கு அப்பால் உள்ள குந்தா பள்ளத்தாக்குக்கு மற்றொரு மாற்றம் 1950-களின் பிற்பகுதியில் வந்தது. கனடா நாட்டின் உதவியுடன் குந்தா நீர்மின் திட்டம் தொடங்கப்பட்டது. எமரால்டு, அவலாஞ்சி அணைகள் எழுந்தன. அணை கட்ட இயந்திரம் வேண்டும். இயந்திரம் ஏறச் சாலை வேண்டும். மின்சாரத்துக்காக வந்த சாலைகளில் பின்னர் மக்களும் பயணம் செய்தார்கள்.

நம் பங்குக் குடும்பங்களில் பலருக்கு இம்மலைப் பாதை மற்றொரு நினைவையும் தரும். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர்களுள் ஏராளமானோர் நீலகிரியில்தான் குடியேறினார்கள். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, புகைவண்டியில் மேற்கே வந்து, இறுதியில் தகரப் பெட்டிகளுடன் பேருந்தில் மலையேறினார்கள் அவர்கள். உல்லாசப் பயணிக்கு அது அழகிய கொண்டைஊசி வளைவு. அவர்களுக்கோ, அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன வாழ்வு காத்திருக்கிறதோ என்ற கலக்கம்.

பல்சக்கரத்தில் ஏறும் புகைவண்டி

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் மலை ரயிலை அறியாதார் இலர். ஆயினும் அதன் அருமையை அறிந்தவர் சிலரே. இதன் கட்டுமானப் பணி 1891-இல் தொடங்கியது. 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகமண்டலம் வரையிலும் வண்டி ஓடத் தொடங்கியது. மொத்தத் தொலைவு 46 கிலோமீட்டர். இதற்குள் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள்! கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுப்பாளையத்தில் புறப்படும் வண்டி 2,200 மீட்டருக்கு மேல் உள்ள உதகையில் போய் நிற்கிறது.

சாதாரண இருப்புப்பாதையில் இத்தகைய செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் வழுக்கிவிடும். ஆகவே கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையே இரு தண்டவாளங்களின் நடுவில் பற்கள் வெட்டிய இரும்புப் பட்டைகள் பதிக்கப்பட்டுள்ளன. இஞ்சினின் அடியில் உள்ள பல்சக்கரம் அப்பற்களைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. ஏணியின் படிகளைப் பிடித்து ஏறுவது போன்றது இது. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ரோமன் ஆப்ட் என்பவர் வகுத்த முறை என்பதால் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஏறும்போது இஞ்சின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போகும். ஒவ்வொரு பெட்டியிலும் தடைகளை இயக்கும் பணியாளர் ஒருவர் நிற்பார். பல்சக்கரப் பகுதியில் வண்டியின் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. 2005-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது. இதற்கான நீராவி இஞ்சின்கள் முன்பு சுவிட்சர்லாந்திலிருந்து வந்தன. அண்மைக் காலத்தில் நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதியவை கட்டப்பட்டுள்ளன.

நாங்கள் இரண்டாம் முறை சென்றபோது இவ்வண்டியில் ஏறினோம். காலை ஏழு மணியளவில் மேட்டுப்பாளையத்தில் புறப்பட்டு, உச்சிப்பொழுதில் உதகை சேர்ந்தோம். ஐந்து மணி நேரமா என்று மலைக்க வேண்டாம். ஹில்குரோவ் நிலையத்தில் இஞ்சின் தண்ணீர் குடித்தபோது பிள்ளைகள் இறங்கி நின்று வாய் பிளந்து பார்த்தார்கள். குகைக்குள் நுழைந்த ஒவ்வொரு முறையும் பெட்டி முழுவதும் கூச்சல். கைப்பேசியை எவரும் எடுக்கவில்லை. ஓர் எதிர்ப்பெட்டிக் குடும்பத்துடன் இட்லிப் பொட்டலத்தைப் பகிர்ந்துகொண்டோம். வேனில் சென்றபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதாகவே நினைவில்லை.

ஆயினும் சில உண்மைகளை மறைக்கலாகாது. இடங்கள் குறைவு; விடுமுறை நாட்களுக்கு வெகு முன்னதாகவே பதிவு செய்தாக வேண்டும். மழைக்காலத்தில் பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து வண்டி நாட்கணக்கில் நிறுத்தப்படுவதும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து இடம் கிடைக்காதவர்கள் பேருந்தில் குன்னூர் வரை ஏறி, அங்கிருந்து வெல்லிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக உதகை செல்லும் வண்டியில் ஏறலாம். அப்பகுதியில் பல்சக்கரம் இல்லை. டீசல் இஞ்சின் இழுக்கும். தேயிலைத் தோட்டங்களும் கேத்திப் பள்ளத்தாக்கும் அவ்வழியில்தான் கண்ணுக்கு விருந்தாகின்றன.

பேருந்தும் அதன் உறவினரும்

மலைக்கு உயிர்நாடி பேருந்தே. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாகவும், கோத்தகிரி வழியாகவும் அரசுப் பேருந்துகள் ஏறுகின்றன. மூன்றாவது வழி, காரமடையிலிருந்து கெத்தை வழியாக மஞ்சூருக்கு ஏறுவது. நாற்பதுக்கு மேற்பட்ட கொண்டைஊசி வளைவுகளும் யானைகளின் நடமாட்டமும் கொண்ட அவ்வழியில் பேருந்துகள் மிகச் சிலவே. மேற்கே கூடலூரிலிருந்து நடுவட்டம், பைக்காரா வழியாகவும் உதகையை அடையலாம்.

சேரன் போக்குவரத்துக் கழகம் என்ற பெயரை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1970-களின் தொடக்கத்தில் பேருந்துகள் நாட்டுடைமையானபோது தோன்றிய அக்கழகம், 1997-க்குப் பின் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப்பெயருக்குள் வந்துவிட்டது. பெயர் மாறினும் பணி மாறவில்லை. விடியுமுன் ஒவ்வொரு ஹட்டியிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் புறப்பட்டு, பள்ளிப் பிள்ளைகளையும் கூலியாட்களையும் நோயாளிகளையும் நகரத்தில் இறக்கி, மாலையில் திரும்பக் கொண்டு சேர்ப்பது அப்பேருந்தே. சாதாரணப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-இல் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தபோது, மலைவழித் தடங்கள் அதில் அடங்கவில்லை. 2024-இல் அச்சலுகை நீலகிரி மலைப்பகுதிக்கும் விரிக்கப்பட்டது. தேயிலை பறித்து நாட்கூலி பெறும் தாய்மார்க்கு இது சிறிய உதவியன்று.

பெரிய பேருந்து போக இயலாத சந்துகளுக்குச் சிற்றுந்துகள் ஓடுகின்றன. கூடலூர், பந்தலூர்ப் பக்கங்களில் ஜீப்பு வண்டிகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு, தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு செல்வதைக் காணலாம். இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. பிலிப்பைன்ஸ் நாட்டில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற ஜீப்புகளை நீட்டி, இரு பக்கமும் பலகை அடித்து, வண்ணம் தீட்டி மக்கள் வண்டியாக்கிக்கொண்டார்கள். 'ஜீப்னி' என்ற அவ்வண்டிகளில் திருச்சொரூபங்களும் செபங்களும் தீட்டப்பட்டிருப்பதைப் படங்களில் பார்த்திருப்போம். தாய்லாந்தில் சிறு லாரியின் பின்புறம் இரண்டு பலகைகள் போட்டு ஓட்டுகிறார்கள். அதன் பெயருக்கே 'இரண்டு வரிசை' என்பதுதான் பொருள். ஏழைகள் வாழும் இடமெல்லாம், கிடைத்த வண்டியைப் பலரும் பகிர்ந்துகொள்ளும் அறிவும் இருக்கவே செய்கிறது.

மலையில் ஆட்டோக்களும் வாடகைக் கார்களும் உண்டு. ஏறுமுன் கட்டணத்தைத் தெளிவாகப் பேசிக்கொள்வது நலம். அவலாஞ்சிக் காட்டுக்குள் சொந்த வண்டிகளுக்கு அனுமதியில்லை. வனத்துறையின் வண்டியில்தான் செல்ல வேண்டும்.

சொந்த வண்டியும் அதன் சுமையும்

குழந்தைகள், முதியோர், நோயுற்றோர் உடன் வரும்போது சொந்த வண்டியோ வாடகை வேனோ தவிர்க்க முடியாததாகலாம். மே மாதத்தில் காந்தல் குருசடித் திருத்தலத்துக்குத் திருப்பயணம் செல்லும் பங்குகளும் வண்டி அமர்த்திச் செல்வது வழக்கந்தான். அவர்கள் அறிந்திருக்க வேண்டியவை சில உள.

சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய 'இ-பாஸ்' என்ற அனுமதி பெற வேண்டும். 2025 ஏப்ரல் முதல் நாள் தொட்டு, அக்கோடைக்காலத்தில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் மட்டுமே என்ற வரம்பும் விதிக்கப்பட்டது. நீலகிரிப் பதிவெண் கொண்ட வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் இவ்வனுமதி தேவையில்லை. பேருந்தில் செல்பவருக்கு இந்தத் தொல்லையே இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

கோடை நெரிசலின்போது குன்னூர் வழியே ஏறி, கோத்தகிரி வழியே இறங்குமாறு காவல்துறை பாதையைப் பிரித்துவிடுவதுண்டு. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதையின் விதி. எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். காலால் தடையை அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடேறிச் செயலிழந்துவிடும். 2023 செப்டம்பர் இறுதியில் குன்னூர் மரப்பாலம் அருகே சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்து உயிர்கள் பலியானதை நாடறியும். சமவெளியில் எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராயினும், மலையில் பழகியவர் அல்லாதவரிடம் குடும்பத்தை ஒப்படைத்தல் அறிவுடைமையன்று.

இனி எங்கள் குறையைச் சொல்கிறோம். முதற்பயணத்தில் எல்லா விதிகளையும் பின்பற்றியதாகத்தான் நாங்கள் நினைத்தோம். அனுமதி பெற்றோம், மலை ஓட்டுநரையே அமர்த்தினோம். உதகையைக் கடந்து முத்தோரை பாலாடா அருகே வந்தபோது, சாலையோரத்தில் கேரட்டுகளைக் குவித்து இயந்திரத்தில் கழுவிக்கொண்டிருந்தார்கள். மண்ணுடன் உள்ளே போனவை செக்கச்செவேல் என்று வெளியே வந்து விழுந்தன. பிள்ளைகள் குதித்தார்கள். "இங்கு நிறுத்தக்கூடாது ஐயா, வளைவு" என்றார் ஓட்டுநர். "இரண்டே நிமிடம் தம்பி" என்று நாங்கள்தான் வற்புறுத்தினோம். இரண்டு நிமிடம் பத்து நிமிடமாயிற்று. எங்களுக்குப் பின்னால் மேலும் இரண்டு கார்கள் அவ்வாறே நின்றன. எதிரே வந்த பேருந்து போக வழியின்றி ஒலி எழுப்பிக்கொண்டே நின்றது. சன்னல்களில் தெரிந்த முகங்களை நாங்கள் பார்த்தோம். பார்த்தும் படம் எடுத்து முடித்த பின்னரே வண்டியில் ஏறினோம். பேருந்து ஓட்டுநர் கடந்து செல்கையில் ஏதோ சொன்னார். "பொறுமையில்லாத மனிதர்" என்று எங்களுக்குள் பேசிக்கொண்டதும் உண்மை.

இத்தலார் பேருந்தில்

அடுத்த தை மாதத்தில், மலை ரயிலிலிருந்து உதகையில் இறங்கினோம். புகைவண்டி நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் கூப்பிடு தூரந்தான். மதிய உணவை முடித்துக்கொண்டு இத்தலார் வழியாகச் செல்லும் பேருந்தில் ஏறினோம். பிள்ளைகளுக்குச் சன்னலோரம் கிடைத்தது. எங்களுக்கு முன்னிருக்கையில் ஒரு முதிய தம்பதியர். அம்மையார் படுகர் வழக்கப்படி வெள்ளாடை உடுத்து, தலையிலும் வெண்துணி கட்டியிருந்தார். பெரியவர் மடியில் மருந்துப் பையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஊருக்கு ஐயா?" என்று அம்மையார் திரும்பிப் பார்த்து வினவினார்.

"இத்தலாருக்கு அம்மா. நண்பர் வீட்டுக்கு" என்றோம். நண்பரின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. பேச்சு வளர்ந்தது. பெரியவருக்கு மாதம் இருமுறை மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காலை முதற்பேருந்தில் கிளம்பி, இப்பேருந்தில் திரும்புவது அவர்கள் வழக்கம்.

"இந்த மாதமெல்லாம் கவலையில்லை ஐயா. சீசன் வந்துவிட்டால்தான் அல்லல். பஸ் எப்போது வரும், எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. கேரட் கழுவுவதைப் பார்க்கிறேன் என்று காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு இறங்கிவிடுகிறார்கள். போன சித்திரையில் ஒரு நாள் நாங்கள் போய்ச் சேருவதற்குள் சீட்டு கொடுக்கும் நேரம் முடிந்துவிட்டது. இவரை அழைத்துக்கொண்டு அப்படியே திரும்பினேன். மறுநாள் மறுபடியும் போனோம்."

அவர் எவரையும் பழித்துச் சொல்லவில்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பது போல் சொன்னார். எங்களுக்கோ முகம் கறுத்தது. அன்று நாங்கள் மறித்த பேருந்தில் இவர்கள் இருந்தார்களா, தெரியாது. வேறொருவர் இருந்திருப்பார். மடியில் மருந்துப் பையுடன் ஒருவர் இல்லாத பேருந்து மலையில் ஏது? சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "அம்மா, அப்படி நிறுத்தியவர்களில் நாங்களும் உண்டு" என்றோம்.

அம்மையார் ஒரு கணம் எங்களை உற்றுப் பார்த்தார். பின்னர் சிரித்துவிட்டார். "அதனால்தான் இந்த முறை பஸ்ஸில் வந்தீர்களா?" என்றார்.

அதுவரை வாய் திறவாதிருந்த பெரியவர் மெல்லச் சொன்னார்: "கேரட்டைப் பார்க்க ஆசை இருந்தால் பாலாடாவில் பஸ்ஸை விட்டு இறங்கிக்கொள்ளுங்கள். நடந்து போய்ப் பாருங்கள். பிள்ளைகளுக்குத் தின்னவும் கொடுப்பார்கள். அடுத்த பஸ்ஸில் வாருங்கள்."

மறுநாள் திரும்புகையில் அவர் சொன்னபடியே செய்தோம். பிள்ளைகளின் கைகளில் ஆளுக்கிரண்டு கேரட் கிடைத்தது.

மழைக்காலத்தில்

அன்றிரவு நண்பர் வீட்டு அடுப்பருகே அமர்ந்திருந்தோம். வெளியே புல்லில் உறைபனி படியும் குளிர். பேச்சு மழையைப் பற்றித் திரும்பியது. 2019 ஆகஸ்டு மாதத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மறுநாள் அதற்கும் மேல். எமரால்டு சுற்றுவட்டாரத்தில் மண் சரிந்து சாலைகள் துண்டிக்கப்பட்டன. அதற்கு முன்னர் 1993 நவம்பரில் மரப்பாலத்திலும், 2009 நவம்பரில் கேத்தி முதலிய இடங்களிலும் நேர்ந்த சரிவுகளை மலைமக்கள் மறக்கவில்லை.

"அந்த நாட்களில் கார் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஒருவர் வீட்டு அரிசியை மற்றொருவர் வீட்டுக்குக் கால்நடையாகக் கொண்டுபோனோம். சாலை திறந்து முதல் பேருந்து ஊருக்குள் வந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள்" என்றார் நண்பர். அவசர நோயாளிகளுக்கு 2008 முதல் 108 ஊர்தி உள்ளது. ஆனால் அதுவும் சாலை திறந்திருந்தால்தான் ஏற முடியும். சாலை திறந்திருப்பினும் வண்டிகள் வழிவிட்டால்தான் விரைய முடியும். இதை மலையேறும் ஒவ்வொரு குடும்பமும் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

குடும்பங்களுக்குச் சில யோசனைகள்

மலைக்குச் செல்ல எண்ணுவோர் இயன்றால் சித்திரை, வைகாசி நெரிசலை விட்டு வேறு மாதங்களில் செல்லட்டும். மழை மாதங்களில் செல்வதாயின் புறப்படுமுன் சாலையும் புகைவண்டியும் இயங்குகின்றனவா என்று விசாரித்தறிக.

மலை ரயிலுக்கு முன்பதிவு கிடைத்தால் ஏறுவதற்கு அதையும், இறங்குவதற்குப் பேருந்தையும் வைத்துக்கொள்ளலாம். ஊருக்குள் செல்லப் பேருந்தே போதும். கடைசிப் பேருந்தின் நேரத்தை முதலிலேயே நடத்துனரிடம் கேட்டறிந்து, கால்மணி முன்னதாக நிறுத்தத்தில் நிற்பது நலம். மலையில் இருட்டு விரைவில் கவியும். காட்டெருமையும் சிறுத்தையும் உலவும் இடங்களில் இரவு நடை ஆகாது.

வளைவுகளில் குமட்டல் வருவோர் வயிறு நிறைய உண்டு ஏற வேண்டாம். முன்பகுதி இருக்கையில் அமர்ந்து, தொலைவில் பார்வையைச் செலுத்தி, எலுமிச்சையோ சுக்கோ கையில் வைத்துக்கொண்டால் போதும். கம்பளி உடை வெயில் நாளிலும் வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் புட்டிகளுக்கு மாவட்டத்தில் தடை உள்ளதால் வீட்டிலிருந்தே தண்ணீர்க் குவளை கொண்டு செல்லுங்கள்.

வண்டியில்தான் செல்ல வேண்டியிருந்தால், இரண்டு குடும்பங்கள் ஒரு வண்டியைப் பகிர்ந்துகொள்ளலாமே! வழியில் நிறுத்த விரும்பினால் அதற்கென ஒதுக்கிய இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். பின்னால் பேருந்து வந்தால் ஒதுங்கி அதை முதலில் போகவிடுங்கள். ஒரு காரில் நால்வர் இன்பமாய்ச் செல்லலாம். ஒரு பேருந்தில் ஐம்பதுபேர் தம் பிழைப்புக்கும் மருந்துக்கும் படிப்புக்கும் செல்கிறார்கள். அவர்களுக்கு அது விடுமுறை நாளன்று.

இத்தலாரை விட்டுப் புறப்பட்ட காலையில், நண்பரின் தாயார் வாசலுக்கு வந்தார். படுகர் வழக்கப்படி எங்கள் பிள்ளைகள் தலை தாழ்த்த, அவர் உச்சியில் கை வைத்து வாழ்த்தினார். "அடுத்த முறை எதில் வருவீர்கள்?" என்று கேட்டார். நாங்கள் வாய் திறப்பதற்குள் சிறியவன் முந்திக்கொண்டான்: "பஸ்ஸில்தான் பாட்டி. அந்தத் தாத்தா இடம் பிடித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்."